புள்ளிக்கோட்டில் நின்ற அண்ணி

மைக் வாங்கப் போகிறவர்கள் பொதுவாக அதைக் கையில் எடுத்து, "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வாங்கிவிடுவார்கள். சார்ட்டு அந்த ரகம் இல்லை. கடைக்காரர் மைக்கை நீட்டினால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பெட்டியைக் கவிழ்த்து, அடியில் மடிந்து கிடக்கும் தாளைத் தேடி எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நின்றுவிடுவார். அந்தத் தாளில் ஒரு கோடு இருக்கும். இடது ஓரத்தில் அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த ஒலிகள், வலது ஓரத்தில் விசில் மாதிரியான கீச்சு ஒலிகள். கோடு எங்கே ஏறுகிறதோ அந்த ஒலியை மைக் கூடுதலாகக் கேட்கும், எங்கே இறங்குகிறதோ அங்கே அதற்குக் காது மந்தம். விஷயம் அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானை வைத்துக்கொண்டே மனிதர் ஒரு ஆயுள் பிழைப்பை ஓட்டிவிட்டார்.

பெயர் வைத்தது அவருடைய அண்ணன். "இவனுக்குப் பொண்ணு பார்க்கப் போனா போட்டோ கேக்க மாட்டான், சார்ட் கேப்பான்" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு பெற்றோர் வைத்த பெயர் போயே போயிற்று. அண்ணன் மகள் மழலையில் அவரைச் சார்ட்டுச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டாள். இப்போது அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது, கூப்பிடுவது மட்டும் மாறவில்லை.

வானொலி நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சார்ட்டு தன் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஒலிப்பதிவுக்காக மாற்றிக்கொண்டார். ஒன்றில் பேசுகிறவர் உட்காருவார், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இவர். விளம்பரங்கள், பாடப்புத்தகங்கள், தொலைபேசியில் நம்மைக் காத்திருக்கச் சொல்லும் அந்தப் பொறுமைசாலிப் பெண்ணின் குரல் எல்லாம் அங்கே பதிவானவை. அந்தக் குரலை இந்த ஊரில் எத்தனை பேர் திட்டியிருப்பார்கள் என்று நினைத்து அவர் தனியாகச் சிரித்துக்கொள்வதுண்டு.

அந்த மாடிக்குத்தான் ஒரு பிற்பகல் அண்ணி வர வேண்டியிருந்தது, அதுவும் நல்ல காரணத்துக்காக இல்லை. அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆனால் அதற்கப்புறம் வருகிற குரல் இந்தக் குரலாக இருக்காது என்பதையும் அதே உறுதியோடு சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் மகள் மாசமாக இருந்தாள். போனில் அழுதுவிட்டு, அழுகை நின்றதும் சித்தப்பாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டாள். அம்மாவின் குரலைப் பதிந்து வைக்க வேண்டும், தன் குழந்தை அதைக் கேட்டு வளர வேண்டும்.

அண்ணி உடனே சரி சொல்லிவிடவில்லை. அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"பதியறதுன்னா அது ரேடியோல இருந்த குரலா இருக்கணும் தம்பி. இல்லேன்னா வேண்டாம். கரகரன்னு ஒரு கிழவி பேசறதைக் கேட்டு அந்தக் குழந்தைக்கு என்ன ஆகப்போவுது?"

ரேடியோவில் இருந்த குரல் என்றால் இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கால்மணி நேரம் 'கேட்டதும் சொன்னதும்' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. நேயர்கள் அனுப்பும் கேள்விகளை அண்ணி வாசிப்பார், அண்ணன் பதில் சொல்வார். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதிலிருந்து பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை எப்படி நிறுத்துவது என்பது வரை எல்லாவற்றுக்கும் அண்ணனிடம் பதில் இருந்தது. ஆனால் கேள்விதான் அழகு என்பார்கள் கேட்டவர்கள். அண்ணி வாசித்தால் நாய் குரைக்கிற கேள்விகூட யாரோ தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்பதுபோல் இருக்கும். அப்படியொரு மெத்தென்ற குரல்.

சார்ட்டுக்கு வானொலி நிலையத்தின் அந்த ஒலிப்பதிவு அறை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. சுவர் முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் துளையிட்ட பலகை, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, சூடேறிய இயந்திரங்களிலிருந்து வரும் தூசு வாசனை. நிலையத்தில் நல்ல மைக் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். வளைந்த கம்பியில் மாட்டி ஒரு குட்டி மேசைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணன் ஆள் வாட்டசாட்டம். மைக்குக்கு நேர் எதிரே நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்காருவார். அண்ணி அவருக்கு வலது கைப்பக்கம், மேசையின் பக்கவாட்டு விளிம்பில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே வாசிப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இளவயது சார்ட்டு, வேலைக்குப் புதுசு, காதில் மாட்டிய ஹெட்போனோடு. பதிவு முடிந்ததும் அண்ணன் மோதிர விரலால் கண்ணாடியில் தட்டுவார். மூன்று பேரும் கீழே இறங்கிப் போய்த் தேநீர் குடிப்பார்கள். அந்தத் தேநீரைப் போல் ஒன்றை அதற்குப் பிறகு சார்ட்டு குடிக்கவே இல்லை, அல்லது குடித்தும் அப்படித் தோன்றவில்லை. 

அந்த நாட்களில் அண்ணன்மேல் அவருக்கு ஒரே ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஊர் கொண்டாடுகிற குரல் அண்ணியுடையது. அவரை ஓரமாக நிற்க வைத்துவிட்டு அண்ணன் நடுவில் உட்கார்ந்துகொள்வது என்ன நியாயம்? ஒருதடவை அதை முகத்துக்கு நேரே கேட்டும்விட்டார். அண்ணன் சிரித்து மழுப்பினார். சொந்தபந்தங்களும் இதைப்பற்றி அரசல்புரசலாகப் பேசின. போதாக்குறைக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. அண்ணன் ஒரு கடைக்குப் போய் வாயைத் திறந்தாலே, "சார், நீங்க ரேடியோ சாரா?" என்று கேட்டுவிடுவார்கள். அண்ணி பத்து கடை ஏறி இறங்கிப் பேரம் பேசினாலும் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. "எனக்கு ரெண்டு பொண்டாட்டி, ஒருத்தி வீட்ல, ஒருத்தி ரேடியோல" என்று அண்ணன் அதையும் வேடிக்கையாக்கிவிடுவார். பெண்பிள்ளை என்றால் எவன் காது கொடுத்துக் கேட்கிறான் என்று சார்ட்டு உள்ளுக்குள் பொருமுவார்.

அண்ணன் போய்ச் சேர்ந்து சில வருஷங்களாகிவிட்டன. நிலையம் பழைய நாடாக்களை அழித்து அழித்து அவற்றிலேயே புதியதைப் பதிந்தது. கட்டிடம் மாறியபோது அந்த மைக்கும் காணாமல் போயிற்று. மிச்சம் இரண்டே பொருள்கள். ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவுக்கு முன்னால் வைத்துப் பதிந்த கேசட். நடுநடுவே அவருடைய இருமலும் அதில் உண்டு. இன்னொன்று, பழைய மைக்கின் பெட்டியில் கிடந்த தாள். மைக்கைத் தொலைத்துவிட்டுத் தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற ஆள் உலகத்தில் சார்ட்டு ஒருவராகத்தான் இருக்க முடியும்.

அண்ணியின் நிபந்தனையைக் கேட்டதும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊரில் இருக்கிற கடைகள், வாடகைக்கு விடுகிறவர்கள், தெரிந்தவர் தெரியாதவர் என்று ஒருவரையும் விடவில்லை. கடைக்காரர்கள் மைக்கை எடுத்துக் காட்ட, இவர் தாளைக் கேட்க, அவர்கள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கடைசியில் ஒரு கடையில் கிடைத்த தாளைப் பழைய தாளோடு சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். ஒரு கோடு இன்னொன்றின்மேல் அச்சு அசலாக உட்கார்ந்தது. அதே ஏற்றம், அதே இறக்கம், வலது பக்கம் அதே மேடு. சந்தோஷத்தில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மைக்கை வாடகைக்கு எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அண்ணி வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்துவிட்டுச் சைகையிலேயே தயார் என்றார். முறைப்படி ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக மைக்கை வைத்தார் சார்ட்டு. அண்ணி மனப்பாடமாக இருந்த ஒரு பழைய கேள்வியைச் சொன்னார். போட்டுக் கேட்டார்கள்.

"இது யாரு?" என்றார் அண்ணி.

சார்ட்டுக்கும் அதே சந்தேகம்தான். ஒவ்வொரு 'ச'வும் சீறிக்கொண்டு வந்தது. 'சில சமயம்' என்று ஆரம்பித்த கேள்வியைக் கேட்டபோது தாளிக்கிற சட்டியில் தண்ணீர் விழுந்ததுபோல் இருந்தது. குரல் மோசமில்லை, ஆனால் அது அந்தக் குரல் இல்லை. கோடு ஒத்துப்போகிறதே, அப்புறம் எப்படி? கைவசம் இருந்த வேறொரு மைக்கை மாட்டினார். அதன் கோடு வலது பக்கம் சரிந்து இறங்கும், சீற்றம் குறையும். குறைந்தது. கூடவே அண்ணி கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல் ஆகிவிட்டது. மூன்றாவதாக ஒன்றை மாட்டினார், அதுவும் உதவவில்லை. அண்ணியின் முகத்தில் களைப்பு தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் அந்தத் தொண்டை தாங்கும்.

வயசாகிவிட்டது அண்ணி, நோய் வேறு, அந்தக் குரல் இனிமேல் வராது. இதைத்தான் அவர் சொல்லியாக வேண்டும்.  சொல்லாமல் தள்ளிப்போடுவதற்காகவே முதல் மைக்கை மறுபடியும் மாட்டினார், பிறகு பழைய கேசட்டைப் போட்டு ஹெட்போனில் கேட்டார். அண்ணி கேள்வி கேட்டார், பட்டுத்துணி மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் இருமினார். அண்ணன் பதில் சொன்னார். அண்ணனின் 'ச' பளிச்சென்று சீறியது. சார்ட்டு நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். ஒரே மைக், ஒரே கேசட். அண்ணனுடைய 'ச' சீறுகிறது, அண்ணியுடையது சீறவில்லை. இத்தனை காலமும் அது ஆண்டவன் கொடுத்த குரல் என்று நினைத்து விட்டுவிட்டார். இன்று அது முள்ளாகக் குத்தியது.

அந்தப் பக்கம் அண்ணி எழுந்திருந்தார். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலித்திருக்கும். மேசையைச் சுற்றி வந்து, பக்கவாட்டு விளிம்பில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, கண்ணாடி வழியாக இவரைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"தம்பி, விட்டுடலாமா?"

ஹெட்போனில் அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாக வந்து விழுந்தது.  கேசட் ஓடுகிறதோ என்று சார்ட்டு பார்த்தார், அது நின்றுபோயிருந்தது.

"அப்படியே நில்லுங்க அண்ணி. அசையாதீங்க" என்றார். 

தாளை எடுத்துப் பிரித்தார். மேலே அந்த அழுத்தமான கோடு. அதற்குக் கீழே, மெலிதாக, புள்ளி புள்ளியாக இன்னொரு கோடு. மைக்குக்கு நேரே நின்று பேசாமல் பக்கவாட்டில் நின்று பேசினால் என்ன ஆகும் என்று காட்டுவது. மேல்கோடு மேடு கட்டி ஏறுகிற அதே இடத்தில் புள்ளிக்கோடு அடக்கமாக இறங்கியது. சீறுகிற ஒலிகள் எல்லாம் குடியிருக்கிற இடம் அது. மைக் வாங்குகிறவன் எவன் பக்கவாட்டுக்காக வாங்குகிறான்? இத்தனை வருஷத்தில் ஆயிரம் தாள்களைப் பார்த்த சார்ட்டு, புள்ளிக்கோட்டை ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. ஊர் காதலித்த அந்தக் குரல் புள்ளிக்கோட்டில் இருந்திருக்கிறது.

உள்ளே போய் அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே பழைய மனத்தாங்கலும் கிளம்பிவிட்டது. அண்ணன் ஓரமாக நிற்க வைத்ததால் ஒரு நன்மையும் நடந்திருக்கிறது என்று அரைச் சிரிப்போடு சொன்னார். அண்ணி தலையை ஆட்டினார்.

"அவர் நிக்க வைக்கல தம்பி. நானாத்தான் போய் நின்னேன்."

பேசக்கூடாது என்றாலும் இதைப் பேசினார். சார்ட்டு வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், நிகழ்ச்சியின் முதல் நாள் அவரும் நேரேதான் உட்கார்ந்தாராம். பதிந்ததைப் போட்டுக் கேட்டதும் அவமானமாக இருந்தது. இதுவா என் குரல், இப்படியா விசிலடிக்கிறேன் என்று அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது நாள் மேசையில் இடம் போதாமல் பக்கத்தில் நின்று வாசித்தார். போட்டுக் கேட்டபோது யாரோ ஒரு அழகி பேசினாள். அதிலிருந்து அந்த இடத்தை அவர் விடவில்லை. கோடும் தெரியாது, புள்ளியும் தெரியாது, அங்கே நின்றால் நன்றாக வருகிறது என்பது மட்டும் தெரியும்.

"உங்க அண்ணனை ஊரே குத்தம் சொல்லிச்சு. சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்துட்டார். ஒருநாள் என்கிட்ட சொன்னார், எனக்கு வீட்ல இருக்கறவளைத்தான் பிடிக்கும்னு. சும்மா என் மனசைத் தேத்தறார்னு நினைச்சேன்."

சார்ட்டுக்கு அண்ணனை ஒருதடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்பதற்குக்கூட இல்லை, சும்மா பார்ப்பதற்கு.

பக்கவாட்டில் நிற்க வைத்துப் பதிந்தார். அண்ணி பழைய பழக்கத்தில் ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் பதிலுக்காக நிறுத்தினார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. ஒலியின் அளவைக் காட்டும் கருவியின் முள் படுத்துக் கிடந்தது. அண்ணன் எவ்வளவு நேரம் பேசுவாரோ அவ்வளவு நேரமும் காத்திருந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். சார்ட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டே பதிந்தார். முடித்ததும் அண்ணி போட்டுக் கேட்டார், முகம் மலர்ந்தது. இதுதான், இதேதான் என்று சைகையிலேயே சொன்னார்.

உடனே மகளுக்குப் போன் போட்டு, பதிவை ஒலிபெருக்கியில் ஓடவிட்டார்கள். அந்தப் பக்கம் மகள் முழுசையும் கேட்டாள்.  

"ரொம்ப நல்லா இருக்கு சித்தப்பா. ரேடியோ மாதிரியே இருக்கு" என்றாள் மகள். பிறகு தயங்கித் தயங்கி, "ஆனா இதுல அம்மா எங்க?" என்றாள்.

 அண்ணியைப் பார்க்கவே சார்ட்டுக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் பேசுகிற பெண்மணியை மகளும் மற்றவர்களைப்போல் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். அவளை வளர்த்தது நேரே நின்று பேசுகிற குரல். சின்னக்குட்டி என்று கூப்பிட்டுக் காலையில் எழுப்பியது, கணக்குத் தப்பாகப் போட்டதற்குத் திட்டியது, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பேசியது எல்லாம் அந்தக் குரல்தான்.

அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை, வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. மிச்சமிருந்த வெந்நீரைக் குடித்தார். கதவைத் திறந்து மறுபடியும் மைக் இருந்த அறைக்குள் போனார். இந்தத் தடவை மேசையைச் சுற்றிப் போகவில்லை. அண்ணன் உட்காருகிற பக்கம், நேர் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சார்ட்டு பதறிவிட்டார். அந்த மைக்கின் மேடு 'ச'வை விடாது, வேறு மைக் மாட்டுகிறேன், இல்லாவிட்டால் ஒரு துணியாவது கட்டுகிறேன் என்று கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார்.

"இருக்கட்டும் தம்பி" என்றார் அண்ணி. "கோடு எப்படி வேணா போகட்டும். போனை வச்சிடாதீங்க, அவளும் கேக்கட்டும்."

சார்ட்டு பதிவை ஓடவிட்டார். அண்ணி தொண்டையைச் செருமவில்லை, குரலை மெத்தென்று ஆக்கிக்கொள்ளவும் இல்லை. மாடியில் இருக்கிற பிள்ளையைக் கீழே இருந்து கூப்பிடுகிறவர்போல் முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.

"ஏய் சின்னக்குட்டி, எத்தனை தடவை சொல்றது? சட்டையைச் சுருட்டிப் போடாதேன்னு சொன்னேனா இல்லையா? சரி சரி, அழாதே. சீக்கிரம் இறங்கி வா. சாப்பாடு சூடு ஆறுது."

ஒவ்வொரு 'ச'வுக்கும் முள் சிவப்பைத் தொட்டுத் திரும்பியது. சார்ட்டின் கை பழக்கத்தில் கீச்சு ஒலியைக் குறைக்கும் குமிழுக்குப் போயிற்று. அதைத் திருப்பியிருந்தால் சீற்றம் அடங்கியிருக்கும். அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

 எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பால் வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவள் போனில் சொன்னாள்.

"இதோ வரேம்மா."